டாமியா வெதரிங் மாஸ்டர்: மழைக்காலத்திலும் டாங்கிக்குத் தூசி ஏற்றலாம்

ஜூன் பிறந்ததும் ஸ்ப்ரே கன்னை எடுத்து வைத்துவிட வேண்டிய ஊர்களில் இருந்துகொண்டு டாங்கி மாடல் செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் என்று சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் எங்களுக்குக் கேரளத்தின் மற்ற பகுதிகள் அளவுக்கு மழை கிடையாது. ஆனால் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஈரக்காற்று விடாது. துவைத்துப் போட்ட வேட்டியே காயாத காலத்தில் பெயின்ட் மட்டும் ஒழுங்காகக் காய்ந்துவிடுமா?

லாரிக்குப் பெயின்ட் அடிப்பது என் தொழில். ஈர நாளில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் அடித்தால் மேலே வெள்ளை படர்வதை எங்கள் பட்டறைக்கு வருகிற பையன் கூட முதல் மழையிலேயே கற்றுக்கொண்டுவிடுவான். தின்னர் ஆவியாகும்போது பரப்பின் சூட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் படிந்து பெயின்ட் படலத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. லாரிக் கதவு என்றால் காய்வதை மெதுவாக்கும் ரிடார்டர் கலந்து சமாளிக்கலாம், பாலிஷ் போட்டுத் தேற்றலாம். உள்ளங்கை அகலத்துக்குச் சற்றுக் கூடுதலான ஒரு மாடலின் மேல் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் அப்படி வெளுத்தால் அதற்கு முன்பு செய்த வேலை எல்லாம் அதோடு போயிற்று.

ஆகவே என் வழக்கம் இது: ஸ்ப்ரே வேலை எல்லாம் மே மாதத்துக்குள் முடிந்துவிட வேண்டும். மழை மாதங்களில் வெதரிங் மட்டும், அதாவது தூசி, கரி, துரு ஏற்றி மாடலை ஓடிய வண்டி போலக் காட்டும் வேலை. அதற்கு எனக்கு மிகவும் கைகொடுப்பது ஜப்பானிய மாடல் கம்பெனியான டாமியாவின் வெதரிங் மாஸ்டர் பெட்டிகள்தான்.

பெட்டியைத் திறந்தால் கண்ணாடி இல்லாத முகப்பவுடர் டப்பாவைப் போல இருக்கும். உள்ளே மூன்று நிறக் கட்டிகள். கூடவே ஒரு முனையில் பஞ்சும் மறுமுனையில் தூரிகையும் உள்ள சிறிய குச்சி ஒன்று. நிறக் கட்டியில் லேசான பிசுபிசுப்பு உண்டு. அதனால் வெறும் பொடியைப் போல ஊதினால் பறக்காது. தடவிய இடத்தில் ஒட்டி நிற்கும். ஏ பெட்டியில் மணல், வெளிர் மணல், சேறு. பி பெட்டியில் பனி, கரி, துரு. இன்னும் பல பெட்டிகள் உண்டு. டாங்கி செய்பவருக்கு இந்த இரண்டும் போதும் என்பது என் தீர்மானமான கருத்து. தின்னர் நாற்றம் இல்லை, கம்ப்ரஸர் சத்தம் இல்லை, காய்வதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். குழந்தைகள் தூங்கிய பிறகு சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து செய்துவிடலாம்.

இதை வாங்குவதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பரப்பு மேட்டாக இருந்தால்தான் இது பிடிக்கும். பளபளப்பான பரப்பில் வழுக்கிக்கொண்டு போகும், திட்டுத்திட்டாக நிற்கும். பட்டி பார்ப்பதற்கு முன் எமரி தேய்க்கிறவனுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. எனவே மாடலுக்கு மேட் வார்னிஷ் அடிப்பதை மழைக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

இப்போது என் மேசையில் இருப்பது டாமியாவின் டி-55ஏ (சோவியத் டாங்கி), 1/35 அளவு. 1971 போரில் நம் ராணுவம் ஓட்டிய டாங்கி வகை என்பதால் இதன் மேல் எனக்குத் தனிப் பிரியம். அடிப்படை நிறம் டாமியா பெயின்ட்டில் எக்ஸ்எஃப்-62 ஆலிவ் ட்ராப். அதில் எக்ஸ்எஃப்-57 பஃப் சிறிது கலந்து மேல் தட்டுகளுக்கு மட்டும் வெளிறலாக இன்னொரு பூச்சு. மாடல் சிறியதாக ஆக ஆக, அதே நிறம் கண்ணுக்கு அடர்த்தியாகத் தெரியும். அசல் டாங்கியின் நிறத்தை அப்படியே அடித்தால் மாடல் கறுத்துக் கிடக்கும். அதனால் இந்த வெளிறல் அவசியம். அதற்கு மேல் ஆயில் பெயின்ட்டில் ஒரு வாஷ், அதாவது நீர்க்கக் கரைத்த பூச்சு. பிறகு மேட் வார்னிஷ். அதன் பிறகுதான் இந்தப் பெட்டி.

வாஷைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இந்தப் பெட்டியை வாங்கிவிட்டு வாஷே தேவையில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். தட்டும் தட்டும் சேரும் மூலை, ரிவெட்டின் அடி, மூடியின் சுற்றுவரி ஆகியவற்றுக்கு ஆழம் கொடுப்பது வாஷ்தான். கட்டி நிறத்தால் அங்கே எட்ட முடியாது. அதற்கு வெளிநாட்டுச் சிறப்புக் குப்பிகள் வேண்டாம். ஓவியர்கள் வாங்கும் பர்ன்ட் அம்பர் ஆயில் ட்யூப் ஒன்று போதும். கடுகளவு பிதுக்கி ஓர் அட்டைத் துண்டின் மேல் ஒரு மணி நேரம் வைத்துவிடுங்கள். அட்டை எண்ணெயைக் குடித்துவிடும். காய்ந்தபின் பளபளப்பு வராது. பிறகு டர்பன்டைனில் கரைத்து, மெல்லிய தூரிகை நுனியால் மூலையில் ஒரு சொட்டு விட்டால் கோடு முழுக்கத் தானே ஓடிவிடும். கீழே இருப்பது நன்றாக உலர்ந்த அக்ரிலிக் என்றால் டர்பன்டைன் அதைக் கரைக்காது. வழிந்த கறையை மறுநாள் கூடத் துடைக்க முடிகிறது என்பதால் மெதுவாகக் காய்வது இதற்கு நன்மையே.

இனி தூசி. ஏ பெட்டியின் வெளிர் மணலைப் பஞ்சு முனையில் தொட்டு, முதலில் ஒரு காகிதத்தில் இரண்டு தேய்ப்பு தேய்த்துவிட்டு மாடலுக்குக் கொண்டுபோங்கள். தூசி எங்கே நிற்கும் என்று யோசித்துத்தான் கை வைக்க வேண்டும். சங்கிலிப் பட்டை கிளப்பும் புழுதி மட்கார்டுகளிலும் பின் தட்டிலும்தான் அதிகம் சேரும். முன்பக்கச் சரிவுத் தட்டில் அதன் அடிப்பகுதியில் மட்டும் போதும். டரட்டின் (பீரங்கி பொருத்திய சுழல் கூட்டின்) மேல் பகுதிக்கு வந்தபோது எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் மாடலைக் காட்டினேன். கவசப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“தம்பி, இந்த மூடியைச் சுற்றித் தூசி போடாதே. நாங்கள் ஏறி இறங்குகிற இடம். எங்கள் கால்சட்டையே துடைத்துவிடும்.”

“அப்படியென்றால் அங்கே எப்படி இருக்கும் ஐயா?”

“பெயின்ட் தேய்ந்து மினுங்கும். தூசி இரண்டு விரல் தள்ளித்தான் நிற்கும்.”

இந்த ஒரு சொல்லுக்குப் பிறகு டாங்கியில் ஆள் இருப்பது போல ஆகிவிட்டது. மூடிக்குச் சுற்றிலும் வெறுமையாக விட்டு, சற்றுத் தள்ளித் தூசி தடவி, பிறகு ஈரமில்லாத சுத்தமான தூரிகையால் வெளிப்புறமாக இழுத்துவிட்டேன். டி-55-இன் டரட் வார்ப்பு எஃகு வேலை. அதன் சொரசொரப்பை டாமியா அச்சில் நன்றாகக் கொண்டுவந்திருப்பதால் நிறம் குழிகளில் தங்கி மேடுகளில் விலகி நிற்கிறது. வேண்டாத இடத்தில் பட்டதைச் சற்று ஈரமான காதுக்குச்சியால் எடுத்துவிடலாம். கற்றுக்கொள்பவருக்கு இதைவிடப் பெரிய வசதி என்ன வேண்டும்? வைத்துப் பார், விலகி நின்று பார், பிடிக்கவில்லை என்றால் எடு.

கரி நிறத்துக்கு டி-55 மாதிரி வேறு டாங்கி கிடையாது. இதன் புகைக்குழாய் பின்னால் இல்லை. இடப்பக்க மட்கார்டின் மேல் பக்கவாட்டில் திறக்கிறது. அது மட்டுமா, சூடான புகைப்போக்கிக்குள் டீசலைப் பீய்ச்சித் தனக்குத்தானே புகைத்திரை போட்டுக்கொள்ளும் ஏற்பாடும் இதில் உண்டு. ஆகவே அந்த இடத்தில் கரி அடர்த்தியாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. நான் செய்யும் முறை இது. குழாய் வாயின் விளிம்பில் தூரிகை முனையால் கரியை அழுத்திப் பதிக்கிறேன். பிறகு பஞ்சு முனையால், கூடுதல் நிறம் தொடாமல், பின்புறமாகவும் கீழாகவும் இழுக்கிறேன், புகை போகும் போக்கிலேயே. கடைசியாகத் துரு நிறத்தை வாயின் உலோகத்தில் மட்டும் மெல்ல ஒற்றுகிறேன். கரியும் துருவும் சேரும் இடத்தில் காய்ந்து வெந்த இரும்பின் பழுப்பு தானாகவே வருகிறது. நிறம் கலந்து உண்டாக்க முயன்றால் அது கிடைக்காது.

துருவைப் பற்றி நான் கொஞ்சம் அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் பகலெல்லாம் அதைச் சுரண்டுகிறவன் நான். இணையத்தில் காட்டப்படும் பல டாங்கிகளில் துரு கொட்டிக் கிடக்கிறது. ஓடுகிற வண்டி அப்படித் துருப்பிடிக்காது. வாளையாறில் டீக்கடை ஓரம் நிற்கும் லாரிகளைப் பாருங்கள். பின்பலகையின் கொக்கி உரசும் இடத்தில் பெயின்ட் பெயர்ந்திருக்கும். பெயர்ந்ததன் ஓரத்தில் ரெட் ஆக்ஸைடு ப்ரைமர் ஒரு கோடாகத் தெரியும். நடுவில் இரும்பு கறுத்திருக்கும். துரு அதற்குக் கீழே, மழைநீர் வழிந்த பாதையில் மெல்லிய இழையாக இறங்கியிருக்கும். எல்லா இடத்திலும் இதே வரிசைதான். டாங்கியின் கவசத் தகடு தடித்தது, பெயின்ட் தொடர்ந்து அடிக்கப்படுவது. அங்கே துரு மிகமிகக் குறைவு. சங்கிலிப் பட்டையிலும் தரையில் உரசும் மேடுகளும் பல் சக்கரத்தின் பற்களும் பளிச்சென்று இருக்கும், துருவெல்லாம் பள்ளங்களில்தான். பி பெட்டியின் துருவை இழுகம்பி, கருவிகளின் இரும்பு, புகைக்குழாய் வாய், பட்டையின் பள்ளம் ஆகிய நான்கு இடங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மண்ணின் நிறத்துக்கு வருகிறேன். ஏ பெட்டியில் செம்மண் இல்லை. எங்கள் பக்கத்துக் கரிசலுக்குச் சேறு நிறத்தோடு கரியைத் தொட்டுக்கொண்டால் சரியாக வரும். ஒற்றப்பாலத்தைத் தாண்டி மேற்கே போனால் வெட்டுகல் (லேட்டரைட்) எனும் சிவந்த மண் பூமி. லேட்டரைட் மண்ணைப் பற்றி ஸ்காட்லாந்து ஆய்வாளர் பிரான்சிஸ் புக்கானன் 1807-இல் எழுதியது கூட மலப்புறம் மாவட்டத்து அங்காடிப்புறத்து மண்ணைப் பார்த்துத்தான். அந்தச் சிவப்புக்கு மணலை முதலில் தடவி, அதன் மேல் துருவை மிக லேசாக ஒற்றி, பஞ்சால் வட்டமாகத் தேய்க்க வேண்டும். இதை டி-55-க்குச் செய்யாதீர்கள். 1971-இல் கிழக்கு முனையில் அது ஓடியது வங்காளத்து வண்டல் வயல்களில், அங்கே சாம்பல் கலந்த பழுப்பே பொருந்தும். ஆனால் டாமியாவின் எம்48ஏ3 பேட்டன் கிட்டை வியட்நாம் போர் வண்டியாகச் செய்பவர் தயங்காமல் இந்தச் செம்மண்ணைப் போடலாம். வியட்நாம் மேட்டு நிலத்தின் மண்ணும் அதே வகைதான்.

பி பெட்டியின் பனி நிறம் நம் ஊருக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். 1948 நவம்பர் 1-ஆம் தேதி காஷ்மீரின் ஸோஜி லா கணவாயில் நம் ராணுவத்தின் 7-ஆம் லைட் கேவல்ரி ஸ்டூவர்ட் டாங்கிகளை ஏற்றிக் கொண்டுபோனது. அந்த வண்டியை யாராவது செய்தால் இந்தக் கட்டிதான் முதலில் தீரும்.

இந்தப் பெட்டியிடம் எதிர்பார்க்கக் கூடாதது தடித்த சேறு. 1965 செப்டம்பரில் பஞ்சாபின் அஸல் உத்தரில் நீர் பாய்ச்சிய கரும்பு வயல்களில் பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகள் சிக்கிக்கொண்டனவே, அந்த மாதிரிச் சேற்றுக்குக் கனம் வேண்டும். ப்ளாஸ்டர் ஆஃப் பாரிஸோடு நிறப்பொடியும் பெவிகாலும் கலந்து அப்ப வேண்டும். வயல் மண்ணையே பயன்படுத்துவதென்றால் மெல்லிய துணியில் சலியுங்கள். அரை மில்லிமீட்டர் மணல், 1/35 அளவில் ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் கல்லாகத் தெரியும்.

இன்னொன்று, எல்லாப் பொடி நிறங்களுக்கும் பொதுவானது: மேலே வார்னிஷ் அடித்தால் வெளிர் நிறங்கள் பெருமளவு மறைந்துவிடும். நான் அடிப்பதே இல்லை. அடிச்சட்டத்தைப் பிடித்துத் தூக்குகிறேன், கண்ணாடி அலமாரியில் வைக்கிறேன். மாடலைக் கையில் எடுத்து விளையாடும் வீடு என்றால் இந்த வழி சரிப்படாது; அவர்கள் ஆயில் பெயின்ட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

விலை கடைக்குக் கடை மாறுகிறது, ஒவ்வொரு இறக்குமதிக்கும் மாறுகிறது. இரண்டு மூன்று இடங்களில் விசாரித்து வாங்குங்கள். நான் தடவுகிற அளவில் ஒரு பெட்டி பல டாங்கிகளுக்கு வருகிறது. முதலில் ஏ. கை பழகியதும் பி. சி பெட்டியில் உள்ள துப்பாக்கி உலோக நிறம் இயந்திரத் துப்பாக்கிக்கும் பட்டையின் விளிம்புக்கும் உதவும். பென்சில் கரித்தூளிலும் அது கிடைத்துவிடும் என்பதால் அவசரமில்லை. டி பெட்டியில் டாங்கிக்காரருக்கு உருப்படியானது எண்ணெய்க் கறை நிறம் ஒன்றுதான், டி-55-இன் வலப்பக்க மட்கார்டில் வரிசையாக இருக்கும் எரிபொருள் தொட்டிகளின் மூடிகளைச் சுற்றி. மற்ற இரண்டும் சூட்டில் நிறம் மாறிய உலோகத்துக்கானவை, மோட்டார் சைக்கிளும் விமானமும் செய்பவர்களுக்குப் பயன்படும். நண்பர் யாராவது அவற்றைச் செய்பவராக இருந்தால் டி பெட்டியைப் பங்கு போட்டு வாங்கிக்கொள்ளலாம்.