லைவ் மெயில் பிழைச்செய்தி: தண்டர்பேர்டா, புது அவுட்லுக்கா, அப்படியே விட்டுவிடலாமா?

மைக்ரோசாஃப்டின் பழைய மெயில் மென்பொருளான விண்டோஸ் லைவ் மெயிலைப் பழைய கணினியில் இன்னும் வைத்திருப்பவர்களுக்கு இது. அது புது மெயில் எடுக்கப் போகும் ஒவ்வொரு முறையும் ஒரு பிழைப் பெட்டி வந்து நிற்கும், மூடினால் கொஞ்ச நேரத்தில் மறுபடி வரும். ஆன்டிவைரஸை அணைத்தாலும் ரூட்டரை மாற்றினாலும் போகாது. ஏனென்றால் பழுது உங்கள் பக்கம் இல்லை. ஹாட்மெயில், அவுட்லுக் டாட் காம் கணக்குகளோடு லைவ் மெயில் பேசியது டெல்டாசிங்க் என்ற முறையில். 2016 ஜூன் 30க்குப் பிறகு அந்த முறையைக் கைவிடுவதாக மைக்ரோசாஃப்ட் சொல்லிவிட்டது. 2017 ஜனவரி 10இல் லைவ் மெயில் அடங்கிய விண்டோஸ் எசென்ஷியல்ஸ் தொகுப்புக்கான ஆதரவும் முடிந்தது. பிழைச் செய்தியில் டெல்டாசிங்க் என்ற சொல்லோடு ஒரு முகவரி தெரிந்தால் வேறு ஆராய்ச்சியே வேண்டாம்.

என் அண்ணனின் அச்சகத்தில் இதே பிரச்சினை. இருந்த வழிகள் மூன்று: லைவ் மெயிலையே ஒட்டுப்போட்டு ஓட்டுவது, மைக்ரோசாஃப்டின் இப்போதைய மெயில் மென்பொருளான புது அவுட்லுக்குக்குப் போவது, மொசில்லாவின் இலவச மெயில் மென்பொருளான தண்டர்பேர்டுக்குப் போவது. நாங்கள் தண்டர்பேர்டுக்குப் போனோம், அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஒட்டுப்போடும் வழியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஜிமெயில் என்றால் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் (பழைய மென்பொருளுக்கென கூகுள் தரும் தனிக் கடவுச்சொல்) ஒன்று வாங்கி, வழக்கமான கடவுச்சொல்லுக்குப் பதிலாக அதைப் போட்டு ஓட்டலாம். 2022 மே 30இலிருந்து வெறும் கடவுச்சொல்லை ஜிமெயில் ஏற்பதில்லை. அவுட்லுக் டாட் காம் கணக்கை ஐமேப் (மெயிலைச் சர்வரிலேயே வைத்துப் பார்க்கும் முறை) வழியில் மறுபடி சேர்த்துப் பலர் சமாளித்தார்கள், 2024 செப்டம்பர் 16இல் அங்கேயும் வெறும் கடவுச்சொல்லுக்குக் கதவடைத்தார்கள். லைவ் மெயிலுக்குப் புது உள்நுழைவு முறை தெரியாது, இனித் தெரியப் போவதும் இல்லை. ஆக இது ஓட்டை வாளியில் எம்சீல் ஒட்டுகிற வேலை.

புது அவுட்லுக் பார்க்க நன்றாகவே இருக்கிறது. கணக்குச் சேர்ப்பது சுலபம், கைப்பேசிப் பழக்கம் உள்ளவர்களுக்கு உடனே பிடித்துவிடும். இலவசமாகப் பயன்படுத்தினால் விளம்பரம் வரும். ஜிமெயில் மாதிரி வெளிக் கணக்கைச் சேர்த்தால் மெயில்களை மைக்ரோசாஃப்ட் கிளவுடோடு ஒத்திசைக்கவும் சம்மதம் கேட்கும். இதெல்லாம் சிலருக்குப் பொருட்டே இல்லை, சரி. நான் அதை அதிக நாள் ஓட்டிப் பார்க்கவில்லை, அதனால் வேகம், தேடல் பற்றியெல்லாம் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

என் முடிவைத் தீர்மானித்தது ஒரே ஒரு விஷயம்: பழைய மெயில்கள். புது மெயில் எந்த மென்பொருளிலும் வரும். பழசு எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஹாட்மெயில் கணக்கு என்றால் சர்வரிலும் ஒரு பிரதி இருக்கும். ஆனால் இணைய இணைப்புக் கொடுத்த நிறுவனத்தின் பாப் கணக்கில் (மெயிலைக் கணினிக்கே இறக்கிக்கொள்ளும் முறை) வந்தவை? இறக்கியதும் சர்வரிலிருந்து அழித்துவிடுவது பாப் கணக்குகளில் வழக்கம். அண்ணனின் பழைய ஆர்டர்கள், வாடிக்கையாளர் ஒப்புதல் சொன்ன மெயில்கள், பில் இணைப்புகள் எல்லாம் அந்த ஒரு ஹார்டு டிஸ்கில்தான் இருந்தன.

இங்கேதான் பலரும் சொல்லும் வைத்தியம் ஆபத்தாகிறது. 'கணக்கை நீக்கு, பிழை நின்றுவிடும்' என்பார்கள். பிழை நிற்கும்தான், ஆனால் கணக்கோடு அதன் கீழிருக்கும் மெயில்களும் போய்விடும். லைவ் மெயிலை நீக்கிவிட்டு மறுபடி நிறுவு என்பது அதைவிட மோசம், மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவல் கோப்பைத் தருவதையே நிறுத்திவிட்டது. முதலில் செய்ய வேண்டியது, கணக்கின் பண்புகளில் போய், மெயில் பெறும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துக்கொள் என்ற டிக்கை எடுப்பது. அல்லது லைவ் மெயிலையே ஆஃப்லைனில் வைப்பது. பெட்டி வருவது நிற்கும், எதுவும் அழியாது, அப்புறம் நிதானமாக யோசிக்கலாம்.

லைவ் மெயில் செய்த ஒரு நல்ல காரியம், ஒவ்வொரு மெயிலையும் தனித்தனி இஎம்எல் கோப்பாக வைத்தது. யூசர் கோப்புறையில் ஆப்டேட்டா, அதற்குள் லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் லைவ் மெயில் என்று உள்ளே போக வேண்டும். ஆப்டேட்டா மறைந்திருக்கும், மறைந்தவற்றைக் காட்டச் சொன்னால் தெரியும். அதை மொத்தமாக ஒரு பென்டிரைவில் நகலெடுத்துவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

தண்டர்பேர்டு லைவ் மெயிலிலிருந்து நேராக எடுத்துக்கொள்ளாது. இம்போர்ட்எக்ஸ்போர்ட்டூல்ஸ் என்ஜி என்ற இலவச நீட்சியை (தண்டர்பேர்டோடு சேர்க்கும் துணை மென்பொருள்) சேர்த்தால், ஒரு கோப்புறையையும் அதன் உள்கோப்புறைகளையும் காட்டி, எல்லா இஎம்எல்லையும் ஒரே மூச்சில் ஏற்றலாம். தண்டர்பேர்டில் இருக்கும் உள்ளூர் கோப்புறைகளுக்கு எந்த சர்வரும் தேவையில்லை. அங்கே போட்ட மெயில் எம்பாக்ஸ் என்ற பொதுவான வடிவத்தில் உங்கள் வட்டிலேயே இருக்கும், நாளை தண்டர்பேர்டே பிடிக்காமல் போனாலும் வெளியே எடுத்துவிடலாம். புது அவுட்லுக்கில் இஎம்எல்லை ஒவ்வொன்றாகத் திறக்க முடிந்தது, கோப்புறை அமைப்போடு மொத்தமாக ஏற்ற எனக்கு வழி கிடைக்கவில்லை. லைவ் மெயிலை விட்டு விண்டோஸ் மெயில் செயலிக்குப் போனவர்கள், 2024 டிசம்பர் 31இல் அதற்கும் ஆதரவு முடிந்து இரண்டாவது முறை மூட்டை கட்டினார்கள் என்பதும் எனக்கு நினைவிருந்தது.

தண்டர்பேர்டில் குறை இல்லாமல் இல்லை. அமைப்புகள் பக்கம் ஒரு காடு. தண்டர்பேர்டு புதுப் பதிப்புக்குத் தாவும்போது நீட்சி சில சமயம் பின்தங்கும், ஆகவே ஏற்றும் வேலையை ஒரே வாரத்தில் முடித்துவிடுவது நல்லது. பல ஆண்டுச் சேமிப்பை ஒரே கோப்புறையில் கொட்டாமல் ஆண்டுவாரியாகப் பிரித்தோம், அதற்குப் பிறகு மந்தம் இல்லை. இதைவிடப் பல மடங்கு பெரிய மெயில் சேமிப்பு என்றால் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு என் அனுபவம் போதாது.

மெயில் அதிகம் இல்லாதவர்கள் இவ்வளவு அலைய வேண்டாம், பிரவுசரில் பார்ப்பதே போதும். பழசில் முக்கியமானவற்றை மட்டும் தண்டர்பேர்டு வழியாக ஜிமெயிலின் ஐமேப் கோப்புறைக்கு இழுத்துப் போட்டுவிடலாம், அது இலவச 15 ஜிபியில் கணக்காகும். முகவரிப் பட்டியலை லைவ் மெயிலிலிருந்து சிஎஸ்வி கோப்பாக (அட்டவணை மாதிரியான எளிய கோப்பு) எடுத்துத் தண்டர்பேர்டில் ஏற்றும்போது மட்டும் எந்தக் கட்டம் பெயர், எந்தக் கட்டம் மெயில் முகவரி என்று அது கேட்கும் இடத்தில் அவசரப்படாமல் பொருத்துங்கள்.