மின்னூல் கருவி: ஆறு வருசம் பாவித்து, பேட்டரி மாற்றிய கையோடு எழுதுவது

போன கிழமை அக்கரைப்பற்றில் இருக்கும் என் மச்சான் போன் எடுத்தான். "உன்னட்ட இருக்கிற அந்தப் புத்தகம் வாசிக்கிற சாமான் நல்லதா? இங்க ஒருத்தன் பழசு ஒண்ட மலிவாத் தாறான், வாங்கட்டா?" நான் அப்போதுதான் அதே சாமானுக்குப் பேட்டரி மாற்றிவிட்டு, பின்மூடி சரியாக ஒட்டாத எரிச்சலோடு வீட்டுக்கு வந்திருந்தேன். மறுகா சொல்றன் என்று வைத்துவிட்டேன். அந்த மறுகாதான் இது.

பேட்டரிக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பு ரவுணில் போன் திருத்தும் கடை ஒன்றில் கொடுத்தேன். பெடியன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணன், இது போனா டேப்பா?" என்றான். ரெண்டும் இல்லை, புத்தகம் மட்டும் வாசிக்கலாம் என்றேன். "வேற ஒண்டும் வராதா?" வராது. அவன் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பரிதாபம் இருந்தது. பேட்டரியை நானே வெளியிலிருந்து எடுப்பித்துக் கொடுத்திருந்தேன், அதற்கு 4,200 ரூபா, அவன் கூலி 1,500. மூடியைச் சூடாக்கிக் கழற்றியதில் ஒரு மூலை நெளிந்துவிட்டது. வாசிக்கும்போது இடது கை பெருவிரல் சரியாக அந்த மூலையில்தான் போய் நிற்கிறது.

பிராண்ட் பெயர் வேண்டாம், எல்லாருக்கும் தெரிந்த வகைதான், ஆறு அங்குலத் திரை, மின்மை (தாளில் அச்சடித்ததுபோலத் தெரியும் கறுப்பு வெள்ளைத் திரை), உள்ளே விளக்கு. 2019இல் கட்டாரிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் கொண்டுவந்து தந்தார். பேட்டரி புதிதாக இருந்த காலத்தில் ஒரு தரம் சார்ஜ் போட்டால் ரெண்டு கிழமைக்கு மேல் ஓடும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நின்றதே, அப்போது வீட்டில் போனெல்லாம் செத்துக் கிடக்க இது மட்டும் உயிரோடு இருந்தது. பேப்பர் தட்டுப்பாட்டில் பத்திரிகைகளே அச்சடிக்க முடியாமல் நின்ற நாட்கள் அவை. அந்த நன்றி எனக்கு இன்னும் இருக்கிறது. இல்லாவிட்டால் கீழே சொல்லப்போகிற காரியத்துக்கு இதை எப்போதோ வாவியில் எறிந்திருப்பேன்.

விசயம் இதுதான். கதைப் புத்தகம் வாசிக்கிறவர்களுக்கு இந்தச் சாமான் சொர்க்கம். எழுத்தாகவே தட்டச்சு செய்திருக்கும் நூல்களை, உதாரணமாக 1998 பொங்கலில் தொடங்கிய, தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தில் கிடைக்கிறவற்றை, எழுத்தைப் பெருப்பித்துக்கொண்டு சுகமாகப் படுத்துக் கிடந்து வாசிக்கலாம். (தொடக்கத்தில் கொம்புகள் இடம்மாறித் தெரிந்தன, கொக்கட்டிச்சோலை என்ற பெயரைக் கண்டுபிடிக்கவே ஒரு நிமிசம் வேண்டும். கோரீடர் என்ற இலவச மென்பொருளைப் போட்டதும் சரியாகிவிட்டது.) ஆனால் எனக்கு வேண்டியவை அநேகமாக அங்கே இல்லை. எனக்கு வேண்டியது நம் பக்கத்து நெல், மீன், கூத்து, கோயில், வைத்தியம், பாடசாலை மலர், எவரோ எப்போதோ அடித்துவிட்டு மறந்துபோன சின்னப் பிரசுரம். அதெல்லாம் நூலகம் இணையத் தளத்தில் இருக்கிறது, 2005இல் தொடங்கியது, இலங்கைத் தமிழ் ஆவணம் என்றால் முதலில் தேடுவது அங்கேதான். பெரும்பாலும் ஸ்கேன் செய்த பக்கங்கள், பிடிஎஃப்பாக. அதாவது எழுத்து இல்லை, எழுத்தின் படம். பெருப்பித்தால் எழுத்தோடு சேர்ந்து ஓரமும் கறையும் பெருக்கும்.

கணக்குப் பார்த்தால் இன்னும் கோபம் வரும். ஆறு அங்குலம் என்பது மூலைக்கு மூலை, உயரம் என்னவோ ஐந்து அங்குலத்துக்கும் குறைவுதான். எட்டரை அங்குல உயரமான சாதாரண நூல் ஒன்றின் பக்கத்தை அதற்குள் அடக்கினால் பத்துப் புள்ளி (பொயின்ட்) அளவு எழுத்து ஆறு புள்ளிக்கும் கீழே சுருங்கிவிடும். ஏ4 அளவுச் சஞ்சிகை என்றால் நாலு. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள் தெரியும்தானே, அது. சரி என்று பெருப்பித்தால் பக்கத்தின் கால்வாசிதான் திரையில், மிச்சத்தைப் பார்க்க விரலால் தள்ள வேண்டும், தள்ளும் ஒவ்வொரு தடவையும் திரை கறுத்து வெளுத்து ஒரு சிமிட்டு. ஒரு வரியின் தலையை வாசித்து, தள்ளி, சிமிட்டு முடியுமட்டும் காத்திருந்து, வாலை வாசிக்கிறபோது தலை மறந்துபோகும். ஆறு வருசமாக இந்தச் சிமிட்டலோடு குடித்தனம்.

இதற்கு ஒரு பரிகாரம் உண்டு, கேட்டூபிடிஎஃப்ஆப்ட் (k2pdfopt) என்று ஒரு மென்பொருள், கணினியில் போட்டு ஓட்டினால் பக்கப் படத்தைச் சொல் சொல்லாக வெட்டி, சின்னத் திரைக்குத் தக்கபடி திரும்ப அடுக்கித் தரும். அதற்குத் தமிழ் தெரியத் தேவையில்லை, வெள்ளை இடைவெளியைப் பார்த்து வெட்டுகிறது, அவ்வளவுதான். சுத்தமான ஸ்கேன் என்றால் கையெடுத்துக் கும்பிடலாம். கறை பிடித்த பழைய பக்கம் என்றால் கறையையும் ஒரு சொல் என்று நினைத்து நடுவே செருகிவிடும். அட்டவணை வந்தால் கதை முடிந்தது. நெல் இனமும் அதன் வயதும் பசளையும் நிரல் போட்டு இருந்த பக்கம் ஒன்றை ஒரே பத்தியாக்கித் தந்தது. அதை நம்பி எவனாவது விதைத்திருந்தால்!

பிறகு ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்பீர்கள்.

சின்ன வயதில் ஊர் நூலகத்தில் எனக்குப் புத்தகம் கிடைத்த விதம் வேறு. அங்கே தூயி முறைப்படி, அதாவது பாடத்துக்கு ஓர் எண் கொடுத்து அந்த எண் வரிசையில், அடுக்கியிருப்பார்கள். 641இல் சமையல் தேடிப் போனால், கை கொஞ்சம் இடப்பக்கம் தவறினால் 639இல் மீன்பிடி, இன்னும் தவறினால் 636இல் ஆடு மாடு, 633இல் நெல். தேடாததுதான் கையில் வரும். கூடாத பழக்கம் என்று அம்மா ஏசுவா, ஒரு பாடத்திலும் உருப்படியாக நிற்காதவன் என்று. நூலகம் தளத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நூலக எண் உண்டு, ஆனால் அந்த எண் பாடவாரியாகப் போவதில்லை. ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் சொந்தம் பந்தம் எதுவும் இருக்கத் தேவையில்லை. இரவில் போனில் பட்டியலைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு விரல் பட்டதை இறக்கி, கேபிள் போட்டு இதற்குள் தள்ளுவேன். அப்படி வந்தவை எத்தனை! சோதிடம், சங்கத்து ஆண்டறிக்கை, பறவை, சங்கீதம், தென்னை நோய். நான் கேட்டு வந்தது இதில் ஒன்றுகூட இல்லை.

ஒருமுறை ஒரு நினைவு மலர் விழுந்தது. ஒருவர் காலமாகி 31ஆம் நாளுக்கு வீட்டார் அடிப்பார்களே, அதுதான். முன்னால் தேவாரம், நடுவில் வம்சாவளி, தூக்கி வைக்கப் போனேன். பின்னால் பார்த்தால், காலமானவர் விசகடி வைத்தியராம், அவருடைய குறிப்புகளை அப்படியே அச்சடித்திருக்கிறார்கள். ஒரு பூச்சி சரியாக அங்கேதான் துளைத்திருக்கிறது. 41ஆம் பக்கத்தில் மிளகளவு ஓட்டை, 46இல் ஊசித்துளை, ஆறு பக்கமும் ஒரே இடம். பெருப்பித்துப் பார்த்தால் ஓட்டைக்குள்ளால் அடியிலுள்ள தாளின் எழுத்துத் தெரிகிறது. எண்ணெய் எவ்வளவு என்று சொல்லும் இடத்தில் ஒரு 'மு' வந்து குந்தியிருந்தது. முக்காலா, முழுசா, முன்னூறா? அன்றைக்கு அந்தச் சிமிட்டலைக்கூட நான் கவனிக்கவில்லை.

2004 டிசம்பர் 26இல் கல்லடி வீட்டிலிருந்து அப்பாவின் அலுமாரி போனது. அதில் என்ன இருந்தது என்று எனக்கு முழுசாகத் தெரியாது, அதனால் பெயர் சொல்லித் தேடவும் முடியாது. கண்ணை மூடித் தொடுவதில் ஒரு நாள் அட்டை ஒன்று வந்தது, பச்சைக் கரை, நடுவில் குத்துவிளக்கு. அந்த அட்டை அலுமாரியில் கீழ்த்தட்டில் இருந்தது. திரையில் பச்சை தெரியாது, சாம்பல்தான், போனில் போய்ப் பார்த்து வந்தேன்.

ஆக மச்சானுக்கு நேற்றுப் போன் எடுத்து, வாங்காதே என்றேன். அந்தக் காசுக்குக் கொஞ்சம் போட்டுப் பத்து அங்குலப் பழைய டேப் ஒன்று வாங்கு, ஸ்கேன் பக்கம் முழுசாகத் தெரியும், நிறமும் தெரியும், கண் வலித்தால் வைத்துவிட்டுப் படு. அவன் எல்லாம் கேட்டுவிட்டு, "நான் முற்பணம் குடுத்திட்டன்கா, உன்னட்ட இருக்கிறதெல்லாம் ஏத்தித் தருவியா?" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். கேபிளையும் கொண்டு வரட்டும், இந்தச் சாமான்களுக்குப் பழைய சின்ன வாய்க் கேபிள்தான் போகும், என்னுடையது ஆட்டிப் பிடித்தால்தான் வேலை செய்கிறது.