மூஸ் வேட்டைக்கு ஒரு செமி-ஆட்டோ மேக்னம்: பிரவுனிங் பிஏஆரா, பெனெல்லி ஆர்1ஆ?

இரண்டும் செமி-ஆட்டோ வேட்டைத் துவக்குகள் (துப்பாக்கிகள்): ஒரு வெடி போனதும் அடுத்த ரவை (தோட்டா) தானாக ஏறும். நாலு சீசன் பிரவுனிங் பிஏஆர் வைத்திருந்தேன். அதை விற்றுவிட்டு பெனெல்லி ஆர்1 வாங்கி இரண்டு சீசன் முடிந்திருக்கிறது. நடுநிலையாக எழுதுகிறேன் என்று சத்தியம் பண்ண மாட்டேன். காசு போட்ட பக்கம்தான் மனம் சாயும்.

எங்கள் முகாம் ஒன்ராறியோவின் வடக்கே, தண்டர் பேயிலிருந்து ஆம்ஸ்ட்ரோங்குக்குப் போகும் 527ஆம் நெடுஞ்சாலையில் இருந்து உள்ளே போகிற ஒரு மரவெட்டுப் பாதையில். ரொறன்ரோவிலிருந்து ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர். மூன்று தமிழரும் ஒரு பின்லாந்துக் கிழவரும். துவக்கு என்றாலே எங்கள் சனத்துக்கு வேறு ஞாபகங்கள்தான் வரும். அம்மா இருக்கும்வரை நான் அதை வீட்டுக்குள் எடுத்ததே இல்லை, அண்ணையின் கராஜில் பூட்டி வைத்திருந்தேன்.

முதலில் ஒரு உண்மையை ஒப்புக்கொள்கிறேன். மூஸ் என்ற பெரிய மானுக்கு மேக்னம், அதாவது கூடுதல் வெடிமருந்து உள்ள பலமான ரவை, கட்டாயமில்லை. சுவீடன்காரர் 6.5×55 என்ற பழைய சின்ன ரவையால் தலைமுறை தலைமுறையாக எல்க் சுடுகிறார்கள், அதுவும் இதே மிருகம்தான். எங்கள் கிழவர் 30-06 என்ற சாதாரண ரவை போடும் போல்ட் ஆக்‌ஷனோடு (ஒவ்வொரு வெடிக்கும் கையால் இழுத்து ரவை ஏற்றும் துவக்கு) 40 வருடம் ஓட்டிவிட்டார். ஆனால் மரம் வெட்டி வெளியாக்கிய இடத்தின் ஓரத்தில் நாங்கள் காத்திருப்பது, 250 மீட்டரில் ஒரு கடா வெளியே வந்து நிற்கும் என்று. அந்தத் தூரத்தில் கொஞ்சம் கூடுதல் பலம் இருந்தால் மனதுக்கு நிம்மதி. மிச்சம் ஆசை.

செமி-ஆட்டோ ஏன் என்பதற்குக் காரணம் வேறு. நுரையீரலில் சரியாகப் பட்டாலும் மூஸ் பல தடவை அப்படியே நிற்கும், அல்லது ஒன்றும் நடக்காதது போல நடக்கும். 400, 450 கிலோ மிருகம் பத்து அடி தள்ளிப்போய் ஏரிக்குள் விழுந்தால், இடுப்பளவு பனித்தண்ணீரில் நின்றுதான் உரிக்க வேண்டும். ஒருமுறை செய்தவன் இரண்டாவது வெடிக்குத் தயங்க மாட்டான். ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் அந்த இரண்டாவது வெடியை வைக்கத்தான் இந்தத் துவக்குகள்.

குறி இரண்டிலும் போதும். 100 மீட்டரில் உள்ளங்கைக்குள் மூன்று ரவையும் விழும், மூஸின் நெஞ்சு அதைவிட எவ்வளவோ பெரிது. கொள்ளளவும் ஒன்றுதான்: மேக்னத்தில் மகசீனுக்குள் (ரவைக்கூடு) மூன்று, அறைக்குள் (குழலின் பின்பக்கம் ரவை வெடிக்கும் இடம்) ஒன்று. இரண்டின் விசையும் (விரலால் இழுக்கும் ட்ரிகர்) நல்ல போல்ட் ரைபிளின் விசை போல வராது. ஜேர்மன் சாவர் 303, மெர்கல் எஸ்ஆர்1 போன்றவற்றைக் கடையில் தோளில் வைத்துப் பார்த்ததோடு சரி. அவற்றைப் பற்றி நான் கதைப்பது நியாயமில்லை.

பிஏஆர் 1967இல் வந்தது. முதலாம் உலகப்போரில் வந்த பிரவுனிங் இயந்திரத் துவக்குக்கும் இதே மூன்றெழுத்துப் பெயர்தான், வேறு உறவு கிடையாது. பெல்ஜியத்தில் பாகங்கள் செய்து போர்த்துக்கலில் பூட்டுகிறார்கள். என்னுடையது 300 வின்செஸ்டர் மேக்னம் என்ற ரவைக்கானது, வால்நட் மரப் பிடங்கு (தோளில் வைக்கும் கட்டை). அழகென்றால் அது அழகு. ஸ்கோப் இல்லாமலே 3.8 கிலோ வரும். அந்தப் பாரமும், வெடித்த வாயுவால் உள்ளே ஓடும் இயக்கமும் சேர்ந்து தோளில் விழும் உதையை நன்றாக விழுங்கிவிடும். அடிப்பக்கத் தகடு கீல் போட்டுத் திறக்கும், மகசீன் அதிலேயே தொங்கும். இருட்டில், கையுறையோடு ரவையைக் கழற்றும்போது இது எவ்வளவு நல்ல யோசனை என்று விளங்கும். ஒன்ராறியோவில் சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குப் பிறகு துவக்கு வெறுமையாக உறைக்குள் இருக்க வேண்டும். ஆகவே நாள் தவறாமல் இந்த வேலை உண்டு. ஆர்1இன் மகசீன் தனியாகக் கழன்று கையில் வரும், கையில் இருந்து பாசிக்குள்ளும் போகும். என்னுடையதைத் தேட அரை மணி நேரம் பிடித்தது. இப்போது அதில் செம்மஞ்சள் டேப் சுற்றியிருக்கிறேன்.

இவ்வளவு சொல்லியும் பிஏஆரை விற்றதற்கு ஒரே காரணம், துப்புரவாக்குவது.

போல்ட் ஆக்‌ஷனில் வெற்றுக்கோது (வெடித்த ரவையின் உறை) அறைக்குள் இறுகிவிட்டால் உள்ளங்கையால் கைபிடியில் ஓங்கி ஒரு அடி போடலாம். போல்டைத் திருப்பும்போதே அது கோதை நெம்பித் தளர்த்தும். செமி-ஆட்டோவில் அந்த நெம்புகோல் உங்கள் கையில் இல்லை. கோதை இழுக்கும் வேலையை வாயுவே செய்கிறது, அது முடியாமல் போனால் பக்கத்துக் கைபிடியைப் பிடித்து நேராகப் பின்னுக்கு இழுப்பதுதான் மிச்சம். ஆகவே அறை சுத்தமாக இருக்க வேண்டும். போல்ட்காரன் சோம்பேறித்தனம் பண்ணலாம், நாங்கள் பண்ண முடியாது.

பிஏஆரின் குழல் ரிசீவரில் (போல்ட் ஓடும் உடற்பகுதி) திருகி இறுக்கப்பட்டது. பின்னாலிருந்து கோல் விட வழியில்லை. குழல் வாயிலிருந்துதான் கோல் விடவேண்டும், இல்லையென்றால் குழலுக்குள்ளால் இழுத்துத் துடைக்கும் புல்த்ரூ கயிறு. வாயிலிருந்து தள்ளும்போது கரி, செம்புத்தூள், கரைப்பான் எல்லாம் எங்கே போகும்? நேராக ஆக்‌ஷனுக்குள், அங்கிருந்து விசைப்பெட்டிக்குள். அதனால் துவக்கைத் தலைகீழாகப் பிடித்து, கோது வெளியேறும் வாய்க்குள் பழந்துணி அடைத்து, ஊத்தை கீழே வழியாமல் பார்த்துச் செய்ய வேண்டும். அறைக்குள் செல்ல அந்தச் சின்ன வாய் வழியாக ஒரு வளைந்த பிரஷ். முன்கட்டையைக் கழற்றினால் பிஸ்டன் வெளியே தெரியும், அதுவரை சுலபம். போல்டையும் வெளியே எடுக்கலாம் என்பார்கள். நான் ஒருமுறை எடுத்தேன். திருப்பிப் பூட்ட ஒரு முழுப் பின்னேரம் போனது, கடைசியில் ஒரு ஸ்பிரிங் மேசைக்கடியில் இருந்து வந்தது.

விளைவு என்ன? நான் செய்யாமல் விட்டேன். இரண்டு சீசன் குழலுக்குள் கயிறு ஓடியது, அறையைத் தொடவில்லை. பத்தாததற்குத் தடிப்பான எண்ணெயைத் தாராளமாகப் பூசினேன். மூன்றாம் சீசன் ஒக்டோபரில் ஒரு இரவு துவக்கைச் சூடான கேபினுக்குள் கொண்டுவந்து, காலையில் மைனஸ் 12க்கு வெளியே எடுத்தேன். உள்ளே வியர்த்த தண்ணீர் உறைந்துபோனது. முதல் வெடி போனது. கடா நிமிர்ந்து பார்த்தது. இரண்டாவதுக்கு விசையை இழுத்தேன், ஒன்றுமில்லை. கோது பாதி வழியில் நின்றிருந்தது. துவக்கில் குற்றமில்லை, முழுக்க என் குற்றம். முதல் ரவை இரண்டு நுரையீரலையும் துளைத்திருந்தபடியால் அது 60 மீட்டர் தள்ளி ஆல்டர் பற்றைக்குள் விழுந்து கிடந்தது. முகாமில் குழல் வாயால் கோலை விட்டுத் தட்டித்தான் கோதை எடுத்தோம். கிழவர் கோப்பியை வைத்துவிட்டு, “துவக்கு உன்னோடு நித்திரை கொள்ளக் கூடாது தம்பி, குளிரான முன்னறையில் உறையோடு படுக்கட்டும்” என்றார். தம்பி என்ற சொல்லை எங்களிடம்தான் பிடித்துக்கொண்டார்.

ஆர்1 இத்தாலியின் உர்பினோவில் செய்யப்படுவது, 2003இல் வந்தது. ஷொட்கன் (சிறு குண்டுகள் சிதறும் வேட்டைத் துவக்கு) செய்து பழகிய கை என்பது கழற்றும்போது தெரியும். முன்னால் உள்ள மூடியைத் திருகி எடுத்தால் முன்கட்டை வரும், பிறகு குழலும் ஷொட்கன் குழல் போலக் கழன்று வரும். பக்கத்துக் கைபிடியை உருவினால் போல்ட் முழுதாகக் கையில். இப்போது குழலைப் பின்பக்கத்தால் பார்க்கலாம், சாதாரணக் கோலால் அறையைத் தேய்க்கலாம், விசைப்பெட்டிக்குள் ஒரு சொட்டும் போகாது. வாயு எடுக்கும் துளை அறைக்குப் பக்கத்தில் இருப்பதால் வாயு சூடாகவும் துப்புரவாகவும் வருகிறது, துருப்பிடிக்காத உருக்குப் பிஸ்டனில் கரி மெத்தப் படிவதில்லை. போன ஒக்டோபரில் நாள் முழுக்க ஈரப்பனி கொட்டிய இரவு, தலைவிளக்கு வெளிச்சத்தில் முகாம் மேசையில் பத்து நிமிடத்தில் எல்லாம் கழற்றித் துடைத்துப் பூட்டினேன். பிஏஆரோடு என்றால் “வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம்” என்றிருப்பேன்.

இதற்கு ஒரு விலை உண்டு. குழல் கழலும், ஸ்கோப் ரிசீவரில் இருக்கும். கழற்றிப் பூட்டினால் குறி அதே இடத்தில் நிற்குமா என்ற கேள்வி வரத்தான் செய்யும். எனக்கு 100 மீட்டரில் ஒரு அங்குலத்துக்குள்தான் நின்றிருக்கிறது. ஆனால் நான் சோதித்தது ஐந்தாறு தடவை மட்டும், அதை வைத்துப் பொதுவிதி சொல்ல மாட்டேன். முகாமில் கழற்றினால் அடுத்த நாள் ஒரு ரவையைச் செலவழித்துப் பார்த்துவிடுகிறேன். பத்து வருடம் பாவித்தால் பூட்டும் இடம் தேயுமா என்பதும் இரண்டு சீசன்காரன் பதில் சொல்லக்கூடிய கேள்வியல்ல.

உதை விஷயத்தில் என் ஒப்பீடு கோணல், ஏனென்றால் நான் வாங்கிய ஆர்1, 338 வின்செஸ்டர் மேக்னம். 300இல் 180 கிரெய்ன் (எடை அளவு) சன்னம் நொடிக்கு 900 மீட்டர் வேகத்தில் போகும். 338இல் 225 கிரெய்ன், 850 மீட்டர். கனமான ரவை, துவக்கோ அரைக் கிலோ குறைவு. பிடங்கில் சாய்வாக வெட்டி ரப்பர் பட்டிகள் வைத்திருக்கிறார்கள், அவை உதவுகின்றன. இல்லையென்றால் தோள் சொல்லியிருக்கும். திரும்ப வாங்குவதென்றால் 300இலேயே வாங்குவேன். வடக்கே சின்னச் சின்ன ஊர்க் கடைகளிலும் 300 ரவைப் பெட்டி கிடைக்கும், 338க்குத் தண்டர் பேயிலேயே வாங்கி வைத்துக்கொண்டு போகவேண்டியிருக்கிறது.

விற்பனை விலையில் பிஏஆர் வெல்லும். 1,100 டொலருக்குப் பாவித்ததாக வாங்கினேன், 1,050க்குக் கொடுத்தேன், விளம்பரம் போட்டு மூன்றாம் நாள் போனது. ஆர்1ஐத் தேடி வருகிறவர்கள் குறைவு. ஆனால் கனடாவில் இப்போது எந்தச் செமி-ஆட்டோவின் எதிர்கால விலையையும் நம்பிப் பேச முடியாது. 2020 மே மாதம் ஏறத்தாழ 1,500 வகைகளைத் தடைசெய்தார்கள், 2024 டிசம்பரில் 324, 2025 மார்ச்சில் மேலும் 179. எந்த மொடலாக இருந்தாலும் வாங்கும் நாளிலேயே ஆர்சிஎம்பியின் (கனடாவின் மத்திய பொலிஸ்) பட்டியலில் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். நாளைக்கு விற்றுக்கொள்ளலாம் என்ற கணக்கில் யாரும் இப்போது இதை வாங்க வேண்டாம்.

வருடத்துக்கு ஒருமுறை பத்து ரவை சுட்டு, வீட்டில் ஆறுதலாக உட்கார்ந்து துடைக்கிறவருக்கு பிஏஆர் போதும், பார்க்கவும் லட்சணம். ஒரு கிழமை ஈரத்தில் கிடக்கிற முகாமுக்கு என் கை ஆர்1ஐத்தான் எடுக்கும்.

என் பிஏஆரை வாங்க வந்தது சட்பரிப் பக்கத்து இளைஞன் ஒருவன். வால்நட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, சுத்தம் பண்ணுவது கஷ்டமா என்று கேட்டான். வளைந்த பிரஷையும் பழந்துணிப் பையையும் சேர்த்தே கொடுத்து அனுப்பினேன், அதற்குக் காசு வாங்கவில்லை.