கண்ணாடி போல மினுங்கும் ஹெட்டுக்குக் காசு கொடுக்க முதல்

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் பைக் ஹெட்டை (எஞ்சினின் மேல்மூடியை) "போர்ட்" செய்ய, அதாவது காற்றும் புகையும் போகிற துவாரங்களை அராவிப் பெருப்பிக்கக் கொடுக்க நினைக்கிற தம்பிமாருக்காக இது. வேலை செய்த கராஜின் பெயரைப் போடவில்லை, இன்பொக்ஸில் வந்து கேட்கவும் வேண்டாம். நடந்த வேலையை மட்டும் எழுதுகிறோம்.

பைக் ஒரு 150 சிசி. ஒற்றைச் சிலிண்டர், இரண்டு வால்வு, காற்றில் ஆறும் எஞ்சின், காபரேட்டர். போர்ட் வேலைக்குக் கராஜ் வாங்கிய காசு 35,000 ரூபா. "இழுவை கூடும், பெற்றோலும் மிஞ்சும்" என்பது வாக்கு. வேலை முடிந்ததும் போன் வெளிச்சத்தைப் பிடித்து, மினுங்குகிற இன்டேக் (காற்று உள்ளே போகும்) துவாரத்தைக் காட்டியிருக்கிறார்கள். ஓடிப் பார்த்தால் 4,000 ஆர்பிஎம் வரைக்கும் மூச்சு முட்டுகிறது, ஸ்லோவில் நிற்குதில்லை, காலையில் ஸ்டார்ட் எடுக்க ஏழெட்டுக் கிக். போய்க் கேட்டதற்கு, "500 கிலோமீற்றர் ஓடு மனே, ரன்னிங்-இன் ஆனாச் சரி வரும்" என்று பதில். ரன்னிங்-இன் புது ரிங்குக்கும் பிஸ்டனுக்கும்தான். துவாரத்துக்கு அப்படி ஒன்று கிடையாது.

ஹெட்டைக் கழற்றி, அதே மொடலின் கைபடாத ஹெட் ஒன்றைப் பக்கத்தில் வைத்து அளந்தோம்.

இன்டேக் துவாரம் 25 மில்லிமீற்றரிலிருந்து 28 ஆகியிருந்தது. மூன்றுதானே என்று தோன்றும். பரப்பைக் கணக்குப் போட்டால் 491 சதுர மில்லிமீற்றர் 616 ஆகிறது, அதாவது 25 வீதம் கூட. ஒரே ஆர்பிஎம்மில் எஞ்சின் இழுக்கிற காற்று ஏறக்குறைய அதே அளவுதான், ஆகவே வழி அகன்றால் காற்றின் வேகம் ஐந்தில் ஒரு பங்கு விழும். பிஸ்டன் கீழே போய்த் திரும்பி ஏறத் தொடங்கிய பிறகும் இன்டேக் வால்வு கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். அந்த நேரத்தில் வேகமாக வருகிற காற்றுத் தன் உந்தலிலேயே உள்ளே நிரம்பும். மெதுவாக வருகிற காற்றைப் பிஸ்டன் காபரேட்டர் பக்கமே திருப்பித் தள்ளிவிடும். பெரிய துவாரத்துக்கு வேலை 8,000, 9,000 ஆர்பிஎம்மில்தான் வரும், அதுவும் கேம் (வால்வைத் திறக்கும் தண்டு), வால்வு, காபரேட்டர், சைலன்சர் எல்லாம் அதற்கேற்ப மாறினால். கல்லடிப் பாலம் தாண்டி காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்முனை என்று ஊருக்கு ஊர் பிரேக் பிடித்து ஓடுகிற ஏ4 வீதியில் அந்த ஆர்பிஎம் எங்கே வரப்போகிறது?

அடுத்தது, துவாரத்தின் தரைப்பக்கம். வால்வுக்குக் கிட்ட உள்வளைவு இருக்கிற இடத்தை அராவி இறக்கியிருந்தார்கள். வேகமாக வருகிற பஸ் குறுக்கு வளைவில் உள்பக்கம் ஒட்டித் திரும்பாது, காற்றும் அப்படித்தான். வளைவு கூர்மையானால் சுவரை விட்டுப் பிரிந்து சுழலும், வால்வின் ஒரு பக்கம் சும்மா திறந்து மூடும். அராவத்தான் வேண்டுமென்றால் கூரைப்பக்கமும், கைட்டின் (வால்வுத் தண்டைப் பிடிக்கும் குழாய்) இரு பக்கமும்தான். தரையில் கை வைப்பது கடைசி.

காபரேட்டர் எஞ்சினுக்கு இன்டேக்கில் மினுக்கம் தேவையே இல்லை. பெற்றோல் துளி வழவழப்பான சுவரில் படலமாகப் பிடித்து ஒழுகும். 80 நம்பர் எமரித்தாள் சொரசொரப்போடு விட்டாலே போதும். மினுக்க வேண்டியது எக்சோஸ்ட் (புகை வெளியே போகும்) துவாரத்தை, கரி பிடிக்காமல் இருக்க. இங்கே எக்சோஸ்டில் பழைய கரி அப்படியே இருந்தது.

இன்டேக் கைட்டைத் துவாரத்தின் மட்டத்துக்கே வெட்டிவிட்டிருந்தார்கள். பிடிமானம் குறைந்து வால்வு ஆடுவது கண்ணுக்கே தெரிந்தது. ஆடுகிற வால்வு சீட்டில் (வால்வு மூடி உட்காரும் வளையம்) நேராக உட்காராது, ஒயிலும் இறங்கும்.

உண்மையில் காசு கொடுக்க வேண்டிய இடம் சீட்டும் அதை ஒட்டிய அரை அங்குலமும்தான். 30, 45, 60 பாகையில் மூன்று வெட்டு. வால்வு உட்காருவது 45இல், அதன் அகலம் இன்டேக்கில் 1 முதல் 1.2 மில்லிமீற்றர், எக்சோஸ்டில் 1.2 முதல் 1.5. எக்சோஸ்ட் வால்வு தன் சூட்டைச் சீட் வழியாகத்தான் ஹெட்டுக்கு இறக்குகிறது, அதை ஒடுக்கினால் வால்வு எரியும். சீட்டுக்குக் கீழுள்ள தொண்டை, வால்வு விட்டத்தில் 85 முதல் 90 வீதம். இந்த ஹெட்டில் கிரைண்டர் பிட் சறுக்கிச் சீட்டில் கீறல். அதை மறைக்கப் பேஸ்ட் பூசித் தேய்த்துத் தேய்த்து அகலம் 2 மில்லிமீற்றராகிவிட்டது, அதிலும் ஒரு பக்கம்தான் தொடுகிறது. துவாரத்தில் மண்ணெண்ணெய் ஊற்றினோம், ஒரு நிமிடத்துக்குள் சேம்பரில் (பெற்றோல் எரியும் குழி) சொட்டியது.

சேம்பரையும் மினுக்கியதில் ஏறக்குறைய 1 சிசி கொள்ளளவு கூடிவிட்டது. 149.5 சிசி எஞ்சினில் கம்ப்ரஷன் (கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்ற அளவு) 9.5 என்றால் சேம்பர் இடம் 17.6 சிசி. 18.6 ஆனால் கம்ப்ரஷன் 9.0க்கு இறங்கும். அதற்கு அவர்கள் சொன்ன பரிகாரம் ஹெட்டின் அடியை லேத்தில் 1 மில்லிமீற்றர் சீவுவது. அப்படிச் சீவினால் கேம் செயின் தளர்ந்து கேம் பிந்தும், வால்வு பிஸ்டனை நெருங்கும், கம்ப்ரஷன் 10க்கு மேலே போய் 92 ஒக்டேன் பெற்றோலில், நம் சித்திரை வெயிலில், நொக்கிங் (கலவை தப்பான நேரத்தில் வெடித்துத் தட்டுவது) வரும். சீவித்தான் ஆக வேண்டுமென்றால் பிஸ்டன் தலையில் களிமண் வைத்துக் கையால் எஞ்சினைச் சுற்றிப் பாருங்கள். களிமண்ணின் தடிப்பு இன்டேக் பக்கம் 1.5, எக்சோஸ்ட் பக்கம் 2 மில்லிமீற்றராவது மிஞ்ச வேண்டும்.

கொடுக்க முதல் ஹெட்டின் துவாரத்தை வேர்னியரால் அளந்து, படமெடுத்து வையுங்கள். "சீட் எந்தப் பாகையில் வெட்டுவீங்க?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் ஹெட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு வாருங்கள். மண்ணெண்ணெய்ச் சோதனை உங்கள் கண்முன் நடக்க வேண்டும். கழற்றிய சாமான் அத்தனையையும் கேட்டு வாங்குங்கள். ஊர் ஓட்டத்துக்கு நல்ல மூன்று வெட்டு, புது வால்வ் சீல் (ஒயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர்), மேனிபோல்ட் (காபரேட்டரை ஹெட்டோடு இணைக்கும் குழாய்) பொருந்துகிற இடத்துப் படியைச் சமப்படுத்துவது, காபரேட்டர் ஜெட் (பெற்றோல் வரும் சிறு துளை) சரிபார்ப்பு, இவ்வளவும் போதும்.

அராவிய அலுமினியம் திரும்ப வளராது. எபொக்சி பூசி நிரப்பலாம் என்பார்கள். அது பெயர்ந்தால் நேரே சிலிண்டருக்குள்தான் போகும். இந்தப் பைக்குக்கு வேறு ஹெட் போட வேண்டியதாயிற்று. பில்லில் "புது வால்வ் சீல் 2" என்று எழுதியிருந்தது. கழற்றியபோது உள்ளே இருந்தவை இறுகி வெடித்த பழைய சீல்கள்.