பால்கனியில் 1958-ஐக் காட்டிய மீட்டர்

முதலில் நான் ஏமாந்த கதை. கரியமில வாயுவை அளக்கும் என்று நம்பி வாங்கிய பழைய டப்பாவுக்குப் பக்கத்தில் ஒருநாள் கையில் சானிடைசர் தடவினேன். 600 பிபிஎம்மில் (பத்து லட்சம் பங்கு காற்றில் எத்தனை பங்கு என்ற கணக்கு) இருந்த எண் சரசரவென்று 3,000-ஐத் தாண்டியது. அறையில் நான் ஒருத்திதான். என்னதான் பெருமூச்சு விட்டாலும் அவ்வளவு வராது! உள்ளே இருந்தது ஆல்கஹால் ஆவி, சென்ட், பெயிண்ட் வாசனை எதற்கும் துள்ளுகிற சென்சார். மற்ற ஆவிகளை மோப்பம் பிடித்து, கரியமில வாயு இவ்வளவு இருக்கலாம் என்று குத்துமதிப்பாகச் சொல்கிற ரகம்.

அடுத்த முறை விவரத்தாளில் ஒன்றைத்தான் தேடினேன்: என்டிஐஆர். அகச்சிவப்பு ஒளியை வைத்து அளப்பது என்று பொருள். வந்த அன்றே மூடியைக் கழற்றிவிட்டேன் (வாரண்டி போனது, போகட்டும்). பாதித் தீப்பெட்டி அளவில் பொன்னிற முலாம் பூசிய ஒரு பெட்டி, அதன்மேல் தூசி புகாமல் வெள்ளைச் சவ்வு. சில விநாடிக்கொரு தரம் உள்ளே குட்டி பல்பு ஒன்று மினுக்கென்று எரிகிறது. சரக்கு இவ்வளவுதான். பல்புக்கு எதிரே இருக்கும் கண்ணுக்கு ஒரு வடிகட்டி மாட்டியிருக்கிறது, 4.26 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய ஒளியை மட்டும் அது விடும். கரியமில வாயு ஆசையாக விழுங்குவது அந்த ஒளியைத்தான். வாயு கூடக் கூட, கண்ணுக்கு வந்து சேரும் வெளிச்சம் குறையும். காற்றில் பெரும்பங்கான நைட்ரஜனும் ஆக்சிஜனும் அதைத் தொடுவதே இல்லை.

சானிடைசர் சோதனையை மறுபடி செய்தேன். எண் அசையவில்லை. நேராக ஊதிப் பார்த்தேன், உச்சத்துக்குப் போய் நின்றுவிட்டது. நாம் விடும் மூச்சில் சுமார் 40,000 பிபிஎம் இருக்கும்போது பாவம் அது என்ன செய்யும்? பழைய நிலைக்கு இறங்கத்தான் சில நிமிடம் பிடித்தது; காற்று தானாக உள்ளே போய் வர வேண்டுமே. கதவு, ஜன்னல் எல்லாம் அடைத்து இரண்டு பேர் தூங்கி எழுந்த காலையில் 2,100. மறுநாள் ஜன்னலை நாலு விரல் திறந்து வைத்தோம், 850. காலைத் தலைவலிக்குத் தலையணையைத் திட்டிக்கொண்டிருந்தவள் நான்.

இனி என் புகார். மூன்றாம் மாதம் சும்மா பால்கனிக்கு எடுத்துப் போனேன். 313 என்றது! வெளிக்காற்றில் இன்று 420-க்கு மேல் இருக்கிறது. 313 என்பது 1958 மார்ச்சில் அமெரிக்க விஞ்ஞானி கீலிங் ஹவாயின் மௌனா லோவா எரிமலையில் அளக்கத் தொடங்கியபோது வந்த எண். அவர் கையிலிருந்ததும் அகச்சிவப்புக் கருவிதான் என்பது தனி வேடிக்கை. வினை தானியங்கி அளவுத்திருத்தத்தில் இருந்தது. சில நாட்களில் பதிவான ஆகக் குறைந்த அளவை வெளிக்காற்று என்று எடுத்துக்கொண்டு, அதற்கு 400 என்று பெயர் வைத்துவிடும். வாரக்கணக்கில் அடைத்தே கிடந்த எங்கள் அறை 500-க்குக் கீழே இறங்கியே இருக்காது. அது தெரியாமல் மொத்தக் கணக்கையும் கீழே இழுத்துவிட்டது. இது முதலிலிருந்தே இயக்கத்தில் இருக்கிறது. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒற்றை வரியில் சொல்லி முடித்துவிட்டார்கள். இதற்காகவே ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன்.

அந்தத் தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிட்டு, மீட்டரை இருபது நிமிடம் பால்கனியில் வைத்து, பொத்தானை அழுத்தி நானே திருத்தினேன். இப்போது மாதம் ஒருமுறை அதுதான் வேலை. மற்றபடி, திரை வெளிச்சம் இரவில் கண்ணைக் குத்துகிறது. கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறேன்.