பறவையின் திசைகாட்டியைக் கையில் தரும் காந்தச் சரிவு ஊசிப் பெட்டி

விலங்குகள் புவியின் காந்தப்புலத்தைக் கொண்டு வழியறிகின்றன என்றதும் நம் மனத்தில் எழுவது வடக்கு நோக்கி நிற்கும் திசைகாட்டி முள்தான். பறவைகளைப் பொறுத்தவரை அந்தப் படம் பொருந்தாது என்பதை மேசைமேல் வைத்தே காட்டிவிடுகிறது, மாணவர்களுக்கென விற்கப்படும் இந்தப் பெட்டி. மேலும் கீழுமாகச் சுழலும் ஊசி, கோணங்கள் பொறித்த வட்டம், சாதாரணத் திசைகாட்டி, மின்கலத்தில் இயங்கும் ஒரு சோடி கம்பிச்சுருள்கள், மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு, ஒரு கையேடு ஆகியவை இதில் உள்ளன.

புவியின் காந்தப்புலக் கோடுகள் இரு காந்த முனைகளுக்கும் இடையில் புவியைச் சுற்றிச் செல்லும் காந்த நடுவரையில் கிடைமட்டமாகவும் காந்த முனைகளில் செங்குத்தாகவும் அமைந்திருக்க, இடைப்பட்ட இடங்களில் சாய்ந்தே தரையைச் சந்திக்கின்றன. இந்தச் சாய்வே காந்தச் சரிவு. 1972-இல் பறவை ஆய்வாளர்களான வொல்ஃப்காங் வில்ச்கோவும் ரோஸ்விதா வில்ச்கோவும் வலசை போகும் ஐரோப்பிய ராபின் பறவைகளைக் கூண்டிலிட்டு, கம்பிச்சுருள்களால் புலத்தின் செங்குத்துக் கூறை, அதாவது மேல்–கீழ்த் திசையிலான பங்கை மட்டும் தலைகீழாக்கினர். காந்த வடக்கு மாறாதிருந்தும் பறவைகள் எதிர்த்திசைக்குத் திரும்பின. கிடைமட்டக் கூறையும் சேர்த்துத் தலைகீழாக்கியபோதோ பழைய திசையிலேயே நின்றன. அதாவது, அவை வடமுனை எது, தென்முனை எது என்று பார்ப்பதில்லை. புலக்கோடு எந்தப் பக்கம் தரையை நோக்கிச் சாய்கிறது என்பதையே பார்க்கின்றன.

இந்தச் சோதனையின் கருவைப் பெட்டி அப்படியே கண்முன் நிறுத்துகிறது. சுருள்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி மின்னோட்டத்தைக் கூட்டிக்கொண்டே போனால், வடக்கு முனை தாழ்ந்திருந்த சரிவு ஊசி மெல்ல மட்டமாகி, பிறகு மறுபக்கம் சாய்கிறது. அருகிலுள்ள திசைகாட்டியோ அசையாமல் வடக்கையே காட்டுகிறது. ஊசி மட்டமாகும் அந்த நிலையில்தான் ராபின்கள் திசை தெரியாமல் தடுமாறின. காந்த நடுவரையை ஒட்டி வாழ்பவர்களுக்கு இக்காட்சி இத்தனை தெளிவாக அமையாது. அங்கே தலைகீழாக்குவதற்குச் செங்குத்துக் கூறே அதிகம் இருப்பதில்லை. விற்பவர்கள் இதை அட்டையிலேயே அச்சிட்டிருக்க வேண்டும்.

கருவியின் தரம் நடுத்தரமானது. அச்சில் உராய்வு இருப்பதால் ஊசி சரியான கோணத்துக்குச் சற்று முன்பே நின்றுவிடுகிறது. வட்டத்தை விரலால் மெல்லத் தட்ட வேண்டியிருக்கிறது. வட்டத்தின் தளம் காந்த வடக்கு–தெற்குக் கோட்டில் அமையாவிட்டால் சரிவு உண்மையைவிட அதிகமாகவே தெரியும் என்ற முக்கியமான எச்சரிக்கையைக் கையேடு ஒரே வரியில், அதுவும் கடைசிப் பக்கத்தில் சொல்கிறது.

என் பெரிய குறை கையேட்டின் மீதுதான். பறவையின் விழித்திரையிலுள்ள கிரிப்டோகுரோம் என்ற புரதமே காந்தப்புலத்தை உணர்கிறது என்று அது முடிந்த முடிவாக எழுதுகிறது. ராபினின் கிரிப்டோகுரோம்-4 காந்தப்புலத்துக்கு ஏற்ப வினைபுரிவதை ஆய்வாளர்கள் 2021-இல் காட்டியது உண்மையே. ஆனால் அது பிரித்தெடுத்த புரதத்தில் நடந்த ஆய்வு, உயிருள்ள பறவையின் கண்ணில் அன்று. வலுவான கருதுகோளைக் கருதுகோள் என்றே மாணவருக்குச் சொல்லலாமே.

கையேட்டின் கடலாமைப் பகுதியும் அரைகுறையாகவே நிற்கிறது. கடலையே கண்டிராத பெருந்தலை ஆமைக் குஞ்சுகள், அட்லாண்டிக்கின் வெவ்வேறு இடங்களுக்குரிய காந்தப்புலங்களை ஆய்வகத் தொட்டியில் உணர்ந்ததும், தம்மைப் பாதுகாப்பான நீரோட்டத்துக்குள்ளேயே வைத்திருக்கும் திசைகளில் நீந்தின என்று கென்னத் லோமனின் குழு 2001-இல் காட்டியது. இடத்தை அறிய அவற்றுக்குச் சரிவோடு புலத்தின் வலிமையும் உதவுகிறது. புவிப்பரப்பில் அவ்வலிமை ஏறத்தாழ 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா (காந்தப்புல வலிமையை அளக்கும் அலகு) வரை மாறுபடுகிறது. வலிமையைப் பற்றிக் கையேடு வாயே திறக்கவில்லை. இத்தனைக்கும் புதிய உதிரிபாகம் எதுவும் தேவையில்லை: அதே ஊசியைச் சற்று விலக்கிவிட்டு, அது ஒருமுறை ஆடித் திரும்ப எடுக்கும் அலைவு நேரத்தை எண்ணினால் போதும், புலம் இரு மடங்கானால் அலைவு நேரம் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்காகக் குறையும்.