தாய் கறி விழுது: டப்பாவில் வாங்குவதா, வீட்டில் இடிப்பதா?

சைவ உணவினர் தாய்லாந்துக் கறியை வீட்டில் சமைக்க விரும்பினால், முதலில் தீர்மானிக்க வேண்டியது விழுதைக் கடையில் வாங்குவதா, சொந்தமாக இடித்துக்கொள்வதா என்பதைத்தான். தேங்காய்ப்பாலிலும் காய்கறியிலும் டோஃபுவிலும் பெரிதாகப் பிசகுவதற்கு எதுவுமில்லை. கறியின் ருசி ஏறக்குறைய முழுவதும் விழுதைப் பொறுத்தது. இரண்டு வழிகளிலும் சமைத்துப் பார்த்த பிறகு, சிவப்புக் கறிக்கும் பச்சைக் கறிக்கும் வீட்டு விழுதே போதும் என்று முடிவு செய்துவிட்டேன்.

கடை விழுதின் வசதிகளை விளக்க வேண்டியதில்லை. எலுமிச்சைப்புல்லையும் பேரரத்தையையும் தேடி அலைய வேண்டாம், கை வலிக்க இடிக்க வேண்டாம், குளிர்பெட்டியில் நெடுநாள் இருக்கும். அவசரத்துக்கு அதை விஞ்ச முடியாது.

ஆனால் சைவ உணவினருக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி, கபி எனப்படும் நொதித்த இறால் விழுதைப் பற்றியது. மரபான சிவப்பு, பச்சை விழுதுகள் இரண்டிலும் கபி சேரும்; எனவே முகப்பில் கத்தரிக்காயும் மிளகாயும் மட்டுமே படமாக இருந்தாலும், பின்புறப் பொருள்பட்டியலில் இறால் இருக்கிறதா என்று பார்க்காமல் எந்த டப்பாவையும் வாங்கக் கூடாது. கபி இல்லாத விழுதுகளும் கிடைக்கின்றன. அவற்றில் மஞ்சள் நிறத்தில் சிவப்பு எழுத்துடன் வரும் 'ஜே' முத்திரை நம்பகமானது. சீன வழி வந்த ஜே நோன்பு, சீன நாட்காட்டியின் 9ஆம் மாதத்தில் 9 நாட்கள் நடக்கும் திருவிழாவின்போது தாய்லாந்து முழுவதும், குறிப்பாகப் புக்கெட்டில், கடைப்பிடிக்கப்படுகிறது. அந்த நோன்பில் மீனும் இறைச்சியும் மட்டுமல்ல, பூண்டும் வெங்காயமும்கூட விலக்கு. வெங்காயம், பூண்டு சேர்க்காத குடும்பங்களுக்கு இது வரப்பிரசாதம் என்றே சொல்வேன். மற்றவர்களுக்கோ, விழுதுக்குச் சதைப்பற்றைத் தரும் பூண்டும் சின்ன வெங்காயமும் இல்லாமல் கறி மெலிந்துபோகிறது.

முத்திரை இல்லாமல் கபியை மட்டும் விட்டுவிட்ட விழுதுகளில் சிக்கல் வேறு விதமானது. கபி தருவது உப்பை மட்டுமன்று. நொதித்தலால் வரும் ஆழ்ந்த சுவையையும் அதுதான் தருகிறது. அதை எடுத்துவிட்டு ஈடாக எதுவும் சேர்க்காத விழுதில் உப்பும் காரமும் முன்னால் நிற்கின்றன. மீன் சாற்றுக்குப் பதிலாக நாம் சோயா சாற்றை ஊற்றினால் உப்பு ஏறிவிடுகிறது. ஊற்றாவிட்டால் சுவையில் ஆழம் இல்லை. உப்பு ஏற்கெனவே கலந்துவிட்ட விழுதில் இதைச் சரிசெய்ய வழியே இல்லை, நான் வீட்டு விழுதின் பக்கம் சாய்ந்ததற்கு முதன்மைக் காரணமும் இதுவே.

வீட்டில் இடிக்கும்போது கபியின் இடத்தை நாமே நிரப்பிக்கொள்ளலாம், அதற்கான வழி தாய்லாந்திலேயே இருக்கிறது. வட தாய்லாந்தில் சோயா மொச்சையை வேகவைத்து நொதிக்கவிட்டு, மசித்து, மெல்லிய வில்லைகளாகத் தட்டி வெயிலில் காயவைக்கும் துவா நாவ், மற்ற பகுதிகளில் கபி செய்யும் வேலையைச் செய்கிறது. வில்லையைத் தணலில் வாட்டி இடித்துச் சேர்க்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் 'தாவ் ஜியாவ்' என்னும் உப்பிட்ட சோயா மொச்சையை நீர் வடித்து ஒரு மேசைக்கரண்டி சேர்த்து, உப்பைப் பாதியாகக் குறைத்துவிடலாம்.

நான்கு பேருக்கான சிவப்பு விழுதுக்கு விதை நீக்கி ஊறவைத்த காய்ந்த மிளகாய் 10, எலுமிச்சைப்புல்லின் வெள்ளைத் தண்டு 2, பேரரத்தை நான்கைந்து வில்லைகள், பூண்டு 6 பல், சின்ன வெங்காயம் 5, கொத்தமல்லி வேர், மக்ரூட் எலுமிச்சைத் தோல் சிறிது, வறுத்த மல்லி, சீரகம், வெள்ளை மிளகு ஆகியவை வேண்டும். பேரரத்தை கிடைக்காதபோது இஞ்சியைச் சேர்ப்பதை நான் ஏற்பதில்லை. மணம் முற்றிலும் வேறு திசைக்குப் போய்விடுகிறது. உலர்ந்த மசாலாவை முதலில் பொடித்து, நார்ப்பொருள்களை அடுத்து இடித்து, ஈரமான பூண்டையும் வெங்காயத்தையும் கடைசியில் சேர்க்க வேண்டும். மிக்ஸியில் அரைப்பவர்கள் தண்ணீருக்குப் பதில் கெட்டித் தேங்காய்ப்பாலைச் சிறிது ஊற்றிக்கொள்வது நல்லது. தண்ணீர் சேர்ந்த விழுது, தேங்காய்ப்பாலில் பிரியும் எண்ணெயில் வதங்காமல் வெறுமனே வேகிறது, பச்சை வாடையும் போவதில்லை.

வீட்டு விழுது குளிர்பெட்டியில் ஒரு வாரம் தாங்கும். சிவப்பு விழுதை உறையவைத்தும் வைத்துக்கொள்ளலாம்; பச்சை விழுது நிறமும் மணமும் மங்கிவிடுவதால், அதை அன்றன்றைக்கு இடிப்பதே நல்லது.

மஸ்ஸமன் கறியில் மட்டும் கடை விழுதுக்கு எதிராக என்னால் உறுதியாகப் பேச இயலவில்லை. அதை நான் அதிகம் இடித்ததில்லை. ஏலம், பட்டை, கிராம்பு போன்ற உலர் மசாலாக்கள் மேலோங்கியிருப்பதாலும், உருளைக்கிழங்கும் வேர்க்கடலையும் புளியும் சேர்வதாலும், கபி இல்லாத டப்பா விழுதே எனக்கு நிறைவாக அமைந்திருக்கிறது. இறால் இல்லாததாகப் பார்த்து அது ஒன்றை மட்டும் இன்னமும் வாங்கி வைக்கிறேன்.